அரியமங்கலம்: ஒரு வாய்க்கால் வளர்த்த ஊர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் நெடுஞ்சாலையில் நம்மில் பலர் பலமுறை பயணம் செய்திருக்கிறோம். வண்டி காந்தி சந்தையைக் கடந்து கிழக்கே திரும்பியதும், தஞ்சைப் பெரிய கோயிலையும் கல்லணையையும் நம் உள்ளம் நினைக்கத் தொடங்கிவிடுகிறது. இடையில் வரும் ஊர்களை நாம் பார்ப்பதில்லை. அவை வழிகாட்டிப் பலகையில் உள்ள பெயர்களாகவே நின்றுவிடுகின்றன. அவ்வாறு நாம் பாராமல் கடந்து செல்லும் ஊர்களுள் ஒன்றுதான் அரியமங்கலம்.

பேரூர்களுக்கு வரலாறு எழுதப் புலவர்கள் இருக்கிறார்கள். தலைநகரங்களைப் பற்றிக் கல்வெட்டுகளும் காவியங்களும் பேசுகின்றன. சிற்றூருக்கோ அத்தகைய பேறு கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் வரலாறு முழுவதும் ஏதேனும் ஒரு சிற்றூரின் நிலத்தில் நடந்தே தீரவேண்டும். அரசன் வெட்டிய வாய்க்கால் ஒரு சிற்றூரின் வழியாகத்தான் ஓடுகிறது. படைகள் ஒரு சிற்றூரின் வயலை மிதித்துத்தான் செல்கின்றன. இருப்புப்பாதையும் தொழிற்சாலையும் ஒரு சிற்றூரின் எல்லையில்தான் எழுகின்றன. ஆகவே, ஒரு சிற்றூரை நன்றாக அறிந்தவன் நாட்டின் வரலாற்றையும் ஓரளவு அறிந்தவனாகிறான். இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அரியமங்கலத்தை இன்று சிறிது நேரம் சுற்றிப் பார்ப்போம்.

முதலில் ஊரின் இருப்பிடத்தைப் பார்க்கலாம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று கிழக்கு நோக்கினால், இடப்புறம் காவிரி வெள்ளிக் கோடுபோல் தெரியும். வலப்புறம் சற்றுத் தொலைவில் பொன்மலைப் பாறை தலைதூக்கி நிற்கும். நேர் எதிரே தொடுவானத்தின் பக்கம் திருவெறும்பூர்க் குன்றும் அதன்மேல் கோயிலும் தோன்றும். ஆறும் இரு குன்றுகளுமாகிய இம்மூன்றுக்கும் இடையில் பரந்து கிடக்கும் சமவெளியில், கோட்டையிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருப்பது அரியமங்கலம். வடக்கே காவிரியின் தென்கரையை ஒட்டிச் சர்க்கார்பாளையம், பனையக்குறிச்சி, வேங்கூர் முதலிய ஊர்கள் கல்லணைச் சாலையில் வரிசையாக அமைந்துள்ளன. மேற்கே வரகனேரி இருக்கிறது. தேசபக்தரும் தமிழ்ச் சிறுகதை முன்னோடியுமான வ. வே. சு. ஐயர் 1881ஆம் ஆண்டில் பிறந்த ஊர் அதுவே. கிழக்கே காட்டூரைக் கடந்தால் திருவெறும்பூர்.

இந்தப் பகுதியின் நில அமைப்பு கவனிக்கத்தக்கது. தெற்கே பாறைகளும் செம்மண்ணும் கொண்ட மேட்டு நிலம். மழையை நம்பிப் புன்செய்ப் பயிர் விளையும் நாடு அது. வடக்கே ஆறு கொணர்ந்து பரப்பிய வண்டல் நிலம். நெல்லும் வாழையும் விளையும் நன்செய் நாடு அது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் விளிம்பிலே அரியமங்கலம் நிற்கிறது. அந்த விளிம்பை நன்செய்ப் பக்கமாகத் திருப்பிவிட்டது எது? காவிரி நேராக இந்நிலத்திற்கு நீர் ஊட்டவில்லை. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. நிலம் அதைவிட உயரத்தில் இருக்கிறது. பள்ளத்து நீரை மேட்டு நிலத்திற்கு ஏற்றிய பெருமை மனிதரின் கைத்திறனுக்கே உரியது. அந்தக் கைத்திறனின் பெயர் உய்யக்கொண்டான் வாய்க்கால்.

மாணவ நண்பர்கள் இவ்வாய்க்காலின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து அறிந்துகொள்ள வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே பேட்டைவாய்த்தலை என்னும் ஊர் இருக்கிறது. காவிரியிலிருந்து நீர் பிரியும் வாய்த்தலை என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. அங்கே பிரியும் வாய்க்கால் ஆற்றோடு போட்டியிடுவதுபோல் கிழக்கு நோக்கி ஓடுகிறது. ஆனால் இரண்டும் ஒரே சரிவில் ஓடுவதில்லை. ஆறு இயற்கையான சரிவில் விரைந்து இறங்குகிறது. வாய்க்காலோ அதைவிடக் குறைந்த சரிவில், நிலத்தின் சமமட்டத்தைத் தழுவி, வளைந்து நெளிந்து மெல்லச் செல்கிறது. ஆகவே தொலைவு கூடக்கூட ஆற்றின் மட்டத்திற்கும் வாய்க்காலின் மட்டத்திற்கும் உள்ள வேறுபாடு வளர்கிறது. சில கிலோமீட்டர் சென்றதும் வாய்க்கால் ஆற்றைவிட உயர்ந்த நிலத்தில் ஓடத் தொடங்குகிறது. பிறகு அதன் வடகரையில் ஒரு மதகைத் திறந்தால் போதும்; நீர் தானாகவே வயலுக்குள் இறங்கிவிடும். ஏற்றமும் வேண்டா, இயந்திரமும் வேண்டா.

தெற்கேயிருந்து காவிரியை நோக்கி வரும் கோரையாறு, குடமுருட்டி போன்ற காட்டாறுகளை இவ்வாய்க்கால் வழியில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அவற்றின் வெள்ளத்தால் உடைந்துவிடாமல் அவற்றைக் கடந்து, உய்யக்கொண்டான் திருமலையின் அடிவாரத்தைத் தொட்டு, நகரத்தின் நடுவே புகுந்து, வரகனேரியையும் அரியமங்கலத்தையும் தாண்டி, வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது அது. அதன் நீளம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்; அதனால் பாசனம் பெறுவதாகக் கணக்கிடப்பட்ட நிலம் 30,000 ஏக்கருக்கு மேற்பட்டது. நில அளவைக் கருவிகள் எவையும் இன்றுள்ளபடி இல்லாத காலத்தில், இத்துணை நுட்பமான சரிவை இத்துணைத் தொலைவுக்கு வகுத்தவர்களின் அறிவை என்னென்பது!

உய்யக்கொண்டான் என்பது முதலாம் இராசராச சோழனின் சிறப்புப் பெயர்களுள் ஒன்று. அப்பெயரால் சோழ நாட்டில் ஒரு வளநாடும் வழங்கியது. வாய்க்காலின் தோற்றத்தையும் மக்கள் அம்மன்னன் காலத்தோடு, அதாவது இற்றைக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தோடு, இணைத்தே பேசிவருகின்றனர். உய்யும்படி கொண்டான், அதாவது பிழைக்கும்படி ஆட்கொண்டான் என்பது பெயரின் பொருள். மன்னனுக்கு அது புகழுரையாக இருந்திருக்கலாம். அவ்வாய்க்காலின் கரையில் வாழ்ந்த உழவனுக்கோ அது எழுத்துக்கு எழுத்து உண்மை.

இனி ஊரின் பெயருக்கு வருவோம். மங்கலம் என்று முடியும் ஊர்கள் தமிழ்நாட்டில் மிகப் பல. சோழர் காலத்தில் மறையோர்க்கு இறையிலியாக அளிக்கப்பட்ட ஊர்கள் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றன. அண்டையிலுள்ள திருவெறும்பூரே சோழர் காலத்தில் ஸ்ரீகண்ட சதுர்வேதிமங்கலம் என வழங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அத்தகைய ஊர்களைச் சபை என்னும் மன்றம் ஆண்டது. ஏரியையும் வாய்க்காலையும் காப்பது அச்சபையின் தலையாய கடமைகளுள் ஒன்றாக இருந்தது. ஆனால் மங்கலம் என்று முடியும் ஊரெல்லாம் அவ்வாறே தோன்றியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பிக் கதை கட்டுவது எளிது. கல்வெட்டோ பழைய ஆவணமோ துணை நிற்கும்போதுதான் அது வரலாறாகும். இந்த எச்சரிக்கையை மாணவர்கள் எப்போதும் நினைவில் கொள்ள வேண்டும்.

திருவெறும்பூர்க் குன்றின்மேல் உள்ள எறும்பீசுவரர் கோயிலையும் ஒரு முறை குறிப்பிட்டாக வேண்டும். தேவர்கள் எறும்பு வடிவெடுத்து இறைவனை வழிபட்டனர் என்பது அத்தலத்தின் புராணம். அப்பரின் பாடல் பெற்ற தலம் அது. சோழர் காலக் கற்றளியாகிய அது இப்பொழுது தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அக்குன்றின் உச்சியிலிருந்து மேற்கே பார்த்தால், மலைக்கோட்டை வரையிலுள்ள சமவெளி முழுதும் உள்ளங்கையில் தெரிவதுபோல் தெரியும். பக்தர்கள் கண்ட இந்தக் காட்சியைப் படைத்தலைவர்களும் கண்டார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் போரிட்டனர். முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். 1751ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக் கோட்டை முற்றுகைக்கு உள்ளாயிற்று. கிழக்கேயிருந்து ஆங்கிலப் படை உதவிக்கு வந்த வழி இந்தச் சமவெளிதான். 1752ஆம் ஆண்டில் லாரன்சும் கிளைவும் இப்பக்கமாகத்தான் கோட்டையை அடைந்தார்கள். ஆர்ம் என்னும் ஆங்கிலேயர் 1763ஆம் ஆண்டில் முதற்பகுதியை வெளியிட்ட போர் வரலாற்றில் எலிமிசேரம் என்று ஓர் அரண் பேசப்படுகிறது. அது நம் எறும்பீசுவரமே. வெய்கொண்டா என்று அவர் எழுதுவது உய்யக்கொண்டான் திருமலையை. அயலாரின் நாவில் நம் ஊர்கள் எப்படி உருமாறிவிட்டன, பாருங்கள்! 1752 ஜூன் திங்களில் பிரெஞ்சுப் படை சீரங்கத் தீவில் சரணடைந்தது. சந்தா சாகிபும் கொல்லப்பட்டார். எனினும் போர் ஓயவில்லை. 1753 ஜூன் 26ஆம் நாள் பொன்மலைப் பாறையைச் சுற்றி மீண்டும் கடும் போர் நிகழ்ந்தது.

இந்தப் போர்களைப் பாட நூல்களில் நாம் ஆங்கிலேயரின் வெற்றியாகவும் பிரெஞ்சுக்காரரின் தோல்வியாகவும் படிக்கிறோம். அவற்றை இந்நிலத்து உழவனின் கண்கொண்டு ஒருமுறை பார்க்க வேண்டாவா? இரு தரப்புப் படைகளுக்கும் நெல் வேண்டும். மாடுகளுக்கு வைக்கோல் வேண்டும். பாசறைக்கு மரம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் நீடித்த முற்றுகைக்கு அருகே வாழ்ந்த சிற்றூர்களின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் எஞ்சின. உழுதவர் பெயர் எஞ்சவில்லை.

போரின் புழுதி அடங்கி நூறாண்டு சென்றபின் வேறொரு படை வந்தது. அது இருப்புப்பாதை. நாகப்பட்டினத்தில் தொடங்கிய பாதை 1861ஆம் ஆண்டில் தஞ்சாவூரையும், 1862ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியையும் அடைந்தது. தென்னகத்தின் தொன்மையான இருப்புப்பாதைகளுள் ஒன்று இது. திருவெறும்பூருக்கும் பொன்மலைக்கும் இடையில் மஞ்சத்திடல் என்னும் சிறு நிலையம் இப்பாதையில் இருக்கிறது. அகலப் பாதையாகப் போடப்பட்டு, பின்னர் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டு, மீண்டும் அகலப் பாதையாகவே ஆனது என்பது இதன் சுவையான வரலாறு.

1928ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்த இரயில்வே தொழிற்பட்டறை பொன்மலைக்கு வந்தது. ஆலைச் சங்கின் ஒலி அன்றிலிருந்து இச்சுற்று வட்டாரத்தின் கடிகாரமாயிற்று. வயலுக்குச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் பட்டறைக்குச் செல்லத் தொடங்கினர். 1946ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், தொழிலாளர் போராட்டத்தின்போது பொன்மலையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பொன்மலை என்ற பெயர் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம் பெற்றது இந்நிகழ்ச்சியினால்தான்.

நாடு விடுதலை பெற்றபின் மாறுதல் இன்னும் விரைந்தது. 1952ஆம் ஆண்டில் சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம் அரியமங்கலத்தில் தோன்றியது. 1960களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையும், அதன் அருகே படைக்கலத் தொழிற்சாலையும், துவாக்குடியில் வட்டாரப் பொறியியற் கல்லூரியும் எழுந்தன. அக்கல்லூரி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது. தஞ்சைச் சாலை ஒரு தொழில் வீதியாயிற்று. நெல் விளைந்த நிலத்தின் ஓரங்களில் நெல் அரைக்கும் ஆலைகள் வந்தன. பிறகு அவற்றைச் சுற்றி வீடுகள் வந்தன. காமராஜ் நகர், அம்பிகாபுரம், உக்கடை என்று குடியிருப்புகள் பெருகின. 1994ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி அமைந்தபோது, அதன் நான்கு கோட்டங்களுள் ஒன்றுக்கு அரியமங்கலத்தின் பெயரே சூட்டப்பட்டது. சிற்றூர் நகரத்தினுள் கலந்துவிட்டது.

இத்துடன் பேச்சை முடித்துக்கொண்டால் அரியமங்கலத்தின் கதை ஒரு வளர்ச்சிக் கதையாகவே அமையும். ஆனால் அது முழு உண்மையாகாது.

திருச்சிராப்பள்ளியில் இன்று யாரிடமாவது அரியமங்கலம் என்று சொல்லிப் பாருங்கள். சோழன் வாய்க்காலை நினைப்பவர் மிகச் சிலர். பெரும்பாலோர் நினைப்பது குப்பைக் கிடங்கை. நகரத்தின் கழிவுகள் பல பத்தாண்டுகளாக இங்கே சுமார் 47 ஏக்கர் நிலத்தில் கொட்டப்பட்டன. மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் பிரிக்கப்படாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து மலையாயின. இயற்கை அளித்த பொன்மலைக்கும் எறும்பீசுவரர் மலைக்கும் இடையில், மனிதர் கையால் மூன்றாவது மலை ஒன்று எழுந்தது. கோடைக் காலத்தில் அது தீப்பற்றிப் புகைந்தது. நெடுஞ்சாலையில் செல்வோர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தனர். அங்கேயே வாழ்வோர் எங்கே கடந்து செல்வது?

இதில் நிலநூல் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. குப்பை மேட்டின் தீங்கு கண்ணுக்குத் தெரியும் புகையோடு நிற்பதில்லை. மழைநீர் அக்குவியலில் இறங்கும்போது, அதிலுள்ள நச்சுப் பொருள்களைக் கரைத்துக்கொண்டு கறுத்த சாறாகக் கீழே கசிகிறது. நிலம் வண்டல் கலந்ததாயின் அந்தச் சாறு நிலத்தடி நீரை நாடிச் செல்கிறது. எந்த நிலம் வாய்க்கால் நீரை உறிஞ்சிக் கிணறுகளை நிரப்பியதோ, அதே நிலம் இந்தக் கழிவையும் உறிஞ்சிக்கொள்ளும். மண்ணுக்கு நல்லது தீயது என்ற வேற்றுமை தெரியாது. நாம் கொடுப்பதை அது வாங்கிக்கொள்கிறது. அதையே நமக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வாய்க்காலின் நிலையும் இதுவே. நகரத்தின் நடுவே ஓடிவரும்போது அது சாக்கடைகளையும் சேர்த்துக்கொள்கிறது. மேலே இருப்பவன் கலக்கிய நீரைத்தான் கீழே இருப்பவன் பெறவேண்டியிருக்கிறது.

இந்நிலையை மாற்றும் முயற்சியும் நடந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. திருச்சிராப்பள்ளி 2017ஆம் ஆண்டில் சீர்மிகு நகரங்கள் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அத்திட்டத்தின்கீழ்ப் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. குப்பையை நீண்ட வரப்புகளாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்து, பலமுறை புரட்டிவிடுவார்கள். ஈரமும் நாற்றமும் நீங்கியபின் சுழலும் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். மண் ஒரு பக்கமும், கல் ஒரு பக்கமும், நெகிழியும் துணியும் வேறொரு பக்கமுமாகப் பிரியும். எரியத்தக்கவை சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகச் செல்லும். மற்றொரு பக்கம், நாள்தோறும் சேரும் குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்கி, ஆங்காங்கே சிறு கூடங்களில் உரமாக்கும் முறையும் நகரில் தொடங்கப்பட்டது. இவ்விரண்டில் பின்னதே முதன்மையானது. மலையைக் கரைக்க இயந்திரம் போதும். மலை மீண்டும் வளராமல் தடுக்க ஒவ்வொரு வீட்டின் ஒத்துழைப்பும் வேண்டும்.

சோழர் காலத்துச் சபை வாய்க்காலைக் காத்தது என்றேன். அதன் கருத்து என்ன? நீர் பொதுச் சொத்து. அதைத் தூர்க்காமல் வைத்திருப்பது கரையில் உள்ள அனைவரின் கடமை என்பதே. இன்று அச்சபை இல்லை. ஆனால் வாய்க்கால் இருக்கிறது. பேட்டைவாய்த்தலையில் திறக்கும் நீர் இன்றும் அதே சரிவில்தான் இறங்கி வருகிறது. ஆயிரம் ஆண்டுகளாக அச்சரிவு பிழைக்கவில்லை. பிழை நிகழ்ந்தது நம்மிடத்தில்தான்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்த ஊரினராயினும், உங்கள் ஊருக்கு ஒரு சிறு வரலாறு எழுத முயலுங்கள். அதற்குப் பெரிய நூலகம் வேண்டுவதில்லை. கிராம நிருவாக அலுவலகத்தில் உள்ள கிராம வரைபடத்தையும் அடங்கலையும் பாருங்கள். முன்பு நன்செய் எங்கே இருந்தது, குளம் எங்கே இருந்தது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்பதை ஒப்பிட்டுக் குறியுங்கள். ஊர்க் கிணறுகளில் நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்பதை மாதந்தோறும் அளந்து எழுதுங்கள். எந்த மதகில் எந்த நாளில் நீர் வந்தது என்று முதியோரிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். கோயில் சுவரில் எழுத்து இருந்தால் அதன்மேல் சுண்ணாம்பு பூசாமல் காத்து, அறிந்தவர்க்குத் தெரிவியுங்கள். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு செய்தால், எந்த நூலிலும் இல்லாத ஒரு வரலாறு உங்கள் கையில் இருக்கும்.

அரியமங்கலத்தின் மாணவர்களுக்கு இப்பணி இன்னும் அவசியமானது. தம் ஊரின் பெயரைச் சொல்லும்போது அவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை. குப்பை அவர்கள் ஊரில் விளைந்ததன்று. நகரம் முழுவதும் அனுப்பியது. அவர்கள் ஊரில் விளைந்தது நெல். அதை விளைவித்தது ஆயிரம் ஆண்டு நீர். இவ்வுண்மையை அவர்களே எழுதிவைக்காவிட்டால், வேறு யார் எழுதப் போகிறார்கள்?

அடுத்த முறை தஞ்சைச் சாலையில் செல்லும்போது, அரியமங்கலம் வந்ததும் சற்று வெளியே பாருங்கள். ஏதேனும் ஒரு பாலத்தின் அடியில் உய்யக்கொண்டான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நீர் தெளிவாக ஓடுகிறதா, கலங்கி ஓடுகிறதா என்று பாருங்கள். அதைத் தெளிய வைப்பதில் உங்களுக்கும் எனக்கும் பங்கு உண்டு.